அக்கா பெருக்கிய பாத்தி

நனைந்த மல்லாட்டைத் தோலுக்கென்று, அதாவது வேர்க்கடலைத் தோலுக்கென்று, ஒரு வாசனை இருக்கிறது. ஈரச் சாக்கு, புதுமண், எங்கோ லேசாக வறுபடும் கொட்டை, மூன்றும் ஒரே குடைக்குள் ஒண்டிக்கொண்டு நிற்பதுபோல ஒரு வாசனை.

நேற்று மாலை விழுப்புரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் நின்றிருந்தேன். திடீர்த் தூறல். தார்ப்பாய் கிழிந்த லாரி ஒன்று தோல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நெரிசலில் மாட்டி நின்றது. வாசனை லாரியை விட்டு இறங்கியது. சாலையைக் கடந்தது. நேராக வந்து என் சட்டைக் காலரைப் பிடித்தது.

அவ்வளவுதான். டீ ஆறியது. நான் திண்டிவனத்தில் இருந்தேன். போன கோடையில் இருந்தேன். முழங்கால்வரை சேறோடு அக்காவின் பாத்தியில் இருந்தேன்.

போன வாரக் கட்டுரையில் உங்களைக் கோலியனூர் கூட்டு ரோட்டில், டயர் வெடித்த பஸ்ஸில் உட்காரவைத்துவிட்டு வந்தேன். அந்த பஸ் அங்கேயே நிற்கட்டும். இறங்கி ஒரு சர்பத் குடியுங்கள். இந்த வாரம் எனக்குத் தோட்டம் வந்துவிட்டது. வேறு எதையும் எழுத கை ஓடவில்லை.

கத்திரிக்காயா, நானா?

அக்கா என்றால் ரெஜினா அக்கா. என் உடன்பிறந்தவள். நகராட்சியில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மாமா போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. ஒரே மகள் ஜெனி, பெங்களூரில் இருக்கிறாள். நான் விழுப்புரத்தில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பிழை திருத்துகிறவன். ஞாயிறானால் அக்கா வீடு. அது எனக்குப் பூசை மாதிரி.

அந்த வாரம் வியாழக்கிழமையே போயிருந்தேன். அச்சகத்தில் மிஷின் பழுது. அக்கா முற்றத்தில் குடத்தோடு நின்றிருந்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. ஜெனி நிறைமாதம். இரண்டாவது பிரசவம்.

"அம்மா, எப்ப வேணா ஆவலாம்னு டாக்டரு சொல்லிட்டாங்க. இவருக்கு நைட் ஷிப்ட். பெரியவன யாரு பாத்துப்பா? நீ ஜல்தி கெளம்பு."

"வர்றேன்டி. இந்தக் கத்திரி மட்டும் வேரு புடிச்சிக்கட்டும்."

"எத்தினி நாளு இதையே சொல்லிக்கினு இருப்ப? உனக்குக் கத்திரிக்கா முக்கியமா, நான் முக்கியமா?"

அக்கா பின்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

யோசித்தாள்! அதுதான் வினை. ஒரு தாய் அந்தக் கேள்விக்கு யோசிக்கவே கூடாது. குடத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் பெங்களூர்வரை கேட்டிருக்கும். போன் கட்டாகிவிட்டது.

அக்கா என்னைப் பார்த்தாள். "கோச்சிக்கினாளா?"

"கோச்சிக்காம கொஞ்சுவாளா?"

"நான் போய்ட்டா இதுங்களுக்கு யாருடா தண்ணி ஊத்துவா?"

அவள் சொன்ன "இதுங்க", வீட்டுக்குப் பின்னால் வரிசையாக இருந்த ஆறு பாத்திகள். கத்திரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை. எல்லாம் இளங்கன்று. காலையில் ஊற்றினால் மத்தியானம் நாக்கைத் தொங்கப்போடும். சாயந்திரம் மறுபடி ஊற்ற வேண்டும். போர் போட்டதில் உப்புத் தண்ணீர். குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். அதைத் தொட்டியில் பிடித்து, குடம் குடமாக இடுப்பில் சுமந்து, ஒவ்வொரு தூருக்கும் கையால் ஊற்றுவாள். பிள்ளைகளுக்குப் பால் புகட்டுவது போல.

யார் பெயரிலும் இல்லாதது

வெறும் கத்திரிக்காய்க்கு இவ்வளவா என்று நீங்கள் கேட்கலாம். ஜெனியும் அதைத்தான் கேட்டாள்.

எங்கள் வீட்டில் யார் பெயரிலும் மண் இருந்ததில்லை. அப்பா பெயரில் இல்லை. அவருடைய அப்பா பெயரில் இல்லை. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போவார் அப்பா. வெட்டு முடிந்த நிலத்தில் சோகை, கரும்பின் காய்ந்த இலை, ஒரு முழ உயரத்துக்குக் கிடக்கும். சாயந்திரம் அதற்கு நெருப்பு வைப்பார்கள். பிள்ளைகள் நாங்கள் வரப்பில் நின்று கத்துவோம். தீ ஓடுகிற சத்தம், ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் அப்பளம் நொறுக்குகிற சத்தம். கருப்புச் சாம்பல் பறந்து வந்து எங்கள் சோற்றில் விழும். சோகையை மண்ணின்மேல் விட்டுவைக்கலாம் என்று அன்று யாருமே சொன்னதில்லை. நிலம் வைத்திருந்தவர்களும் சொன்னதில்லை.

ஊர் மண்ணையெல்லாம் எங்கள் கைகள் கொத்தின. எங்களுக்கென்று ஒரு பிடி மண் வேலை செய்ததில்லை.

அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது மரக்காணம் சாலைப் பக்கம் ஒரு மனை வாங்கினாள். முன்பாதியில் வீடு. பின்பாதியில், செங்கல் அடுக்கிய அன்றே, மண்வெட்டி இறங்கிவிட்டது. பத்திரம் கைக்கு வந்த நாளில் அவள் அதைப் பீரோவில் வைக்கவில்லை. பின்பக்கம் எடுத்துக்கொண்டு போய், மண்ணுக்குக் காட்டினாள். சத்தியமாக. நான் பார்த்தேன்.

அந்த மண் முதல்முதலாக அவளுக்காகக் கத்திரி விட்டிருக்கிறது. அதை விட்டுவிட்டு எப்படிப் போவாள்? மகளை விட்டுவிட்டு எப்படி இருப்பாள்?

எனக்கு இரண்டு பக்கமும் இழுத்தது. சும்மா உட்கார முடியவில்லை. எழுந்து நடந்தேன். எனக்கு யோசனைகள் காலில்தான் வரும்.

மண்ணுக்கு மழைக்கோட்டு

மறுநாள் காலை மரக்காணம் சாலையில் நடந்துபோனேன். அந்தப் பக்கம் தர்பூசணிக் காடுகளைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளி நிறத் தாளைப் பாத்திமேல் விரித்து, ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஒரு கொடி. விடியற்காலையில் அந்த நிலம் நிலம் மாதிரியே இருக்காது. கடல் உள்ளே வந்து படுத்துக்கொண்டது மாதிரி இருக்கும்.

ஒரு தாளின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். திருட்டுத்தனமாகத்தான். உள்ளே வேர்த்திருந்தது. மண் கறுப்பாக, ஈரமாக, பக்கத்துக் கட்டாந்தரைக்கும் அதற்கும் சொந்தமே இல்லாதது போல.

மூடு! மூடினால் போதும்!

ஓடி வந்தேன். நிஜமாகவே ஓடினேன். இந்த வயதில், செருப்பு அறுந்து, ஒரு கையில் செருப்போடு.

"அக்கா, மூடாக்கு போட்டுடலாம்!"

"இன்னாத்த மூடப்போற?"

"மண்ண. வெயிலு மண்ணத் தொடக்கூடாது. ஊத்துன தண்ணி ஆவியா மேல போவக்கூடாது. வாரத்துக்கு ஒருதபா ஊத்துனாப் போதும்."

பக்கத்து மனைக் காம்பவுண்டுக்கு மேலே ஒரு தலை முளைத்தது. தனலட்சுமி. சொந்த ஊரில் நிலம் வைத்திருக்கும் வீட்டுப் பெண். மகனின் வேலைக்காகத் திண்டிவனத்துக்கு வந்தவள். அக்காவுக்கு உயிர்த்தோழி, எனக்கு உயிரை வாங்கும் தோழி. அந்தச் சுவருக்கு மேலே அவள் தலை இல்லாத நேரம் குறைவு.

"வாரத்துக்கு ஒருதபான்னா நான் ஊத்துறேன் ரெஜினாக்கா," என்றாள். "டெய்லின்னா என் முட்டி வுடாது. அப்பவே சொல்லிட்டேன்."

அக்கா இடுப்பில் கை வைத்தாள். "இன்னாத்தப் போட்டு மூடுவ? அந்த பிளாஸ்டிக்கா? மண்ணுக்கு ரெயின்கோட்டு மாட்டிவுடுவியா?"

"அது வேணாம். சருகு, வைக்கோலு, சோகை, எதுனா போடலாம்."

"சோகை போட்டா கறையான் வரும்," என்றது சுவர்மேல் தலை. "சவுக்கு எல போட்டாத் தண்ணி வழுக்கிக்கினு ஓடிடும். மல்லாட்டத் தோலு போடு. மில்லுல கேட்டா அள்ளிக்கினு போன்னுவான்."

அக்கா என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"குப்பையக் கூட்டி எடுத்தே முப்பது வருசம் ஓட்டிட்டேன். இப்ப நானே குப்பையத் தேடிப்போயி வாங்கியாந்து என் நெலத்துல கொட்டணுமா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அது ஏன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. மூடாக்கின் மயக்கத்தில் இருந்தேன்.

பெங்களூர் பஸ் ஞாயிறு சாயந்திரம் என்று முடிவானது. முடிவு என்றால் என் முடிவு. அக்கா சொன்னது வேறு: "மொதல்ல மூடு. ஈரம் நிக்கிதான்னு பாக்குறேன். நின்னாப் போறேன். நிக்கலன்னா நீயே போயிப் பிரசவம் பாத்துக்கோ."

கோரையின் குடும்பம்

மூடுவது பெரிய வேலையில்லை. மூடத் தகுந்ததாகப் பாத்தியை ஆக்குவதுதான் வேலை. அந்த வெள்ளிக்கிழமையை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை குறுகுறுக்கிறது.

முதலில் கோரை. மேலே பார்த்தால் புல், கீழே கிழங்கு. கிழங்குக்குக் கீழே இன்னொரு கிழங்கு. நான் மேலோடு பிடுங்கிப் போட்டுக்கொண்டே போனேன், வேகவேகமாக, பாட்டுப் பாடிக்கொண்டு.

"அண்ணே, நிறுத்து," என்றாள் தனலட்சுமி. "கோரைய உள்ள வுட்டுட்டு மூடுனா, அதுக்கு நீ பந்தல் போட்டுக் குடுத்தா மாதிரி. உள்ளயே கல்யாணம் பண்ணிக்கினு, புள்ளப் பெத்துக்கினு, பேரனோட வெளிய வரும்."

"நீ எறங்கி வந்து எடுக்கறது?"

"முட்டி வலி. வாய் வலிக்கல, அதனால சொல்றேன்."

எனவே மறுபடி முதலிலிருந்து. களைக்கொத்தியை ஆழமாக விட்டு, மண்ணைப் புரட்டி, கறுப்பு மணிகள் போன்ற கிழங்குகளை விரலால் தேடி எடுத்தோம். கத்திரிக் கன்றின் வேரைத் தொடாமல் அதைச் செய்ய வேண்டும். தூங்குகிற குழந்தைக்கு அடியிலிருந்து பாயை உருவுவது போல. அக்காவுக்கு அது வந்தது. எனக்கு மிளகாய்க் கன்று ஒன்று கையோடு வந்தது. அதை மறைத்து நட்டுவைத்தேன். அவள் பார்க்காத மாதிரி பார்த்தாள்.

பிறகு கட்டி உடைத்தோம். கட்டி உடைபடும்போது வருகிற அந்தச் சத்தம், 'பொத்' என்று, ஈரமாக, ஒரு ரகசியம் வெளியே வருகிற மாதிரி! பிறகு மக்கிய எரு, தூருக்கு ஒரு கை. பிறகு மேட்டையும் பள்ளத்தையும் ஒன்றாக்கினோம். தண்ணீர் ஒரு மூலைக்கு ஓடிவிடாமல் பாத்தி முழுக்க நிற்க வேண்டும். பாத்தியின் ஓரங்களில் வரப்பை விரலால் தட்டித் தட்டி நிமிர்த்தினாள் அக்கா. தலையணைக்கு உறை மாட்டி ஓரம் தட்டுவாளே, அதே தட்டல்.

சாயந்திரம் மில்லிலிருந்து குட்டியானை வண்டியில் தோல் மூட்டைகள், வழக்கமாகச் செங்கல் சூளையில் எரிக்கப் போகிறவை, வந்து இறங்கின. டிரைவர் ஒவ்வொரு மூட்டையாகத் தள்ளிவிட்டுவிட்டு, "இன்னாக்கா, செங்கல் சூளை போடப் போறியா?" என்று கேட்டான்.

"கத்திரிக்காய்க்கு மெத்தை தைக்கப் போறேன்," என்றாள் அக்கா.

அவன் என்னைப் பார்த்து, தன் தலைக்குப் பக்கத்தில் விரலைச் சுற்றிக் காட்டினான். நான் பதிலுக்குத் தலையாட்டினேன்.

மில்லில் உடைத்த தோலில் கொட்டையும் கொஞ்சம் தங்கியிருக்கும். அப்படியே போட்டால் எலி வரும். மூட்டைகளைக் கொட்டி முறத்தில் புடைத்தோம். கிடைத்த கொட்டைகளைத் தனலட்சுமி சுவருக்கு அந்தப் பக்கம் வறுத்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் தின்றோம். அக்காவின் முடியெல்லாம் செந்தூள். சிரிக்கச் சிரிக்கத் தும்மினாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

மூடிய சனிக்கிழமை

சனிக்கிழமை குழாயில் தண்ணீர் வந்தது. அது எங்கள் அதிர்ஷ்டம். வெயில் தாழ்ந்த பிறகு ஊற்றத் தொடங்கினோம். சும்மா இல்லை, ஊற்றி, குடிக்கவிட்டு, மறுபடி ஊற்றி, மறுபடி குடிக்கவிட்டு. காய்ந்த மண்ணை மூடினால் காய்ச்சலைத்தான் மூடிவைக்கிறோம். மண் 'போதும்' என்று சொல்லும்வரை ஊற்ற வேண்டும். குமிழி விடுவது நின்றுபோகும் அல்லவா, அதுதான் அது சொல்லும் போதும்.

பிறகு தோல். கூடையில் அள்ளி, கையால் தூவி, பரப்பி. தண்டைத் தொடாமல், ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் உள்ளங்கை அகலம் வெறுமையாக விட்டு. ஒரு பாத்தி. இரண்டு பாத்தி. இருட்டுவதற்குள் ஆறும் முடிந்தன.

நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். பொன்னிறம்! தோட்டம் முழுக்க ஒரு பொன்னிறப் போர்வை. அதில் பச்சைக் குஞ்சுகளாகக் கன்றுகள் தலையை நீட்டிக்கொண்டு. எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. தட்டினேன்.

அக்கா தட்டவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னாக்கா, நல்லால்லியா?"

"நல்லாத்தான் இருக்குது." சற்றுப் பொறுத்து, "குப்ப போட்டா மாதிரி இருக்குது," என்றாள்.

சர்ர்... சர்ர்...

ஞாயிறு விடியலில் விழித்தேன். கூடத்தில் பாயில் படுத்திருந்தேன். வெளியே துடைப்பச் சத்தம். சர்ர்... சர்ர்... சர்ர்... ஈர்க்குகள் மண்ணைத் தொட்டுத் தொட்டு விலகுகிற ஒரே தாளம்.

என் வாழ்நாளில் பாதி விடியல்கள் அந்தச் சத்தத்தில்தான் விடிந்திருக்கின்றன. எங்கள் தெருவில் முதலில் பெருக்குவது எங்கள் வீடாகத்தான் இருக்க வேண்டும் அம்மாவுக்கு. வருகிறவன் போகிறவன் எங்கள் தெருவைப் பார்த்து மூக்கைப் பிடிப்பான் என்று அவளுக்குத் தெரியும். பிடிக்க அவனுக்குக் காரணம் கிடைக்கக் கூடாது. ஒரு சருகு கிடக்கக் கூடாது. அக்கா ஐந்தாவது படிக்கும்போதே துடைப்பம் அவள் கைக்கு வந்துவிட்டது. பிறகு அதுவே வேலையும் ஆனது. இருள் பிரியும் முன்னே போய் ஊரின் குப்பையைப் பெருக்குவாள். திரும்பி வந்து, யாரும் கேட்காமலே, எங்கள் வாசலையும் பெருக்குவாள்.

சர்ர்... சர்ர்... நான் சுகமாகப் புரண்டு படுத்தேன்.

பிறகு எழுந்து உட்கார்ந்தேன்.

சத்தம் வாசலிலிருந்து வரவில்லை. பின்பக்கத்திலிருந்து வந்தது.

லுங்கியைக் கட்டிக்கொண்டே ஓடினேன். அக்கா குனிந்து, முந்தானையைச் செருகி, முழு மும்முரமாக, பின்வாசலுக்கு நேராக இருந்த மூன்றாவது பாத்தியை மட்டும் பெருக்கிக்கொண்டிருந்தாள். தண்டுகளுக்கு நடுவே துடைப்பத்தின் நுனி நாசூக்காகப் போய்வந்தது. ஒரு கன்றுகூட அசையவில்லை. மண் பளிச்சென்று, ஒரு தோல் மிச்சமில்லாமல், சிவப்பாக. அந்தப் பாத்தியில் நாங்கள் தூவியதெல்லாம் ஓரத்தில் அழகான குவியல். குவியலுக்குப் பக்கத்தில், அடுப்பங்கரையிலிருந்து எடுத்து வந்த தீப்பெட்டி.

"அக்கா!"

அவள் நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். துடைப்பத்தைப் பார்த்தாள். பாத்தியைப் பார்த்தாள்.

"ஐயோ, ஏசுவே!"

"இன்னாக்கா பண்ணிக்கினு இருக்க?"

"நான் எங்கடா பண்ணேன்? எழுந்தேன். துடப்பத்த எடுத்தேன். கையி பாட்டுக்குப் பண்ணிக்கினு இருக்குது!"

சுவருக்கு மேலே தலை. கையில் பல்பொடி, வாயெல்லாம் நுரை. தனலட்சுமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். நுரை இந்தப் பக்கம் வந்து விழுந்தது.

"ரெண்டு நாளு... ரெண்டு நாளு இந்த மனுசன் முதுகொடிஞ்சி போட்டாரு... நீ ஒரு காப்பி குடிக்கிற நேரத்துல..."

"வாயத் தொடச்சிக்கடி மொதல்ல!"

அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து, அப்படியே பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சிரிப்பு மட்டும் இல்லை என்று பார்த்தேன்.

"மேல ஒண்ணு கெடந்தா என்னால பாக்க முடியலடா," என்றாள். "யாரோ வந்து பாத்துட்டு, 'இதுங்க இப்பிடித்தான்'னு சொல்றா மாதிரியே இருக்குது."

தனலட்சுமி வாயைத் துடைத்தாள். பிறகு சொன்னாள், மெதுவாக: "யாரு வந்து பாப்பா, ரெஜினாக்கா? சுவத்துக்கு இந்தாண்ட நான்தான் இருக்கேன். நான் பாத்தா உனக்கு இன்னா போயிடப்போவுது?"

நான் கூடையை எடுத்தேன். குவியலை மறுபடி பரப்பப் போனேன். அக்கா தடுத்தாள். "பூசைக்கு நேரமாச்சி. வந்து பாத்துக்கலாம். வுடு."

கோயில் மணி அடித்துவிட்டது. விட்டோம்.

மத்தியான விரல்

கோடை வெயில் தெரியும் அல்லவா உங்களுக்கு? எங்கள் மாவட்டத்து வெயிலுக்கு முகவரி சொல்லத் தேவையில்லை. பூசை முடிந்து, கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது தார்ச்சாலை கால்செருப்பைப் பிடித்து இழுத்தது.

அக்கா சேலைகூட மாற்றாமல் பின்பக்கம் போனாள். நான் பின்னாலேயே. பரீட்சை எழுதினவன் நான்தானே!

பெருக்கிய பாத்தி வெளுத்துக் கிடந்தது. மேல்மண் அப்பளம் மாதிரி விரிந்து, ஓரங்களில் வெடிக்கத் தொடங்கியிருந்தது. கத்திரிக் கன்றுகள் தலைகுனிந்து, இலைகள் தொங்கி, திட்டு வாங்கிய பிள்ளைகள் போல நின்றன.

அதற்கு இந்தப் பக்கம் இரண்டாவது பாத்தி. அந்தப் பக்கம் நாலாவது. மூடியவை. அதே வெயில், முந்தின நாள் ஊற்றிய அதே தண்ணீர், அதே கன்று. நிமிர்ந்து நின்றன! காது விறைத்த கன்றுக்குட்டிகள் மாதிரி!

அக்கா உட்கார்ந்தாள். பெருக்கிய பாத்தியில் ஆள்காட்டி விரலை விட்டாள். விரல் போகவில்லை, நகம் மண்ணைச் சுரண்டியது. எழுந்து நாலாவது பாத்திக்குப் போனாள். தோலை விலக்கினாள். விரலை வைத்தாள்.

விரல் உள்ளே போனது. முழுசாகப் போனது.

அவள் அப்படியே இருந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். கைநாடி பார்க்கிற டாக்டர் மாதிரி.

"டேய் தம்பி." குரல் மாறியிருந்தது. "ஜில்லுன்னு இருக்குதுடா."

"நெசமாவா?"

"பானைக்குள்ள கைய வுட்டா மாதிரி இருக்குதுடா!"

நானும் விட்டேன். அந்தக் குளிர்ச்சி விரலில் ஏறி, முழங்கைவரை வந்தது. வெளியே ஊர் கொதித்துக்கொண்டிருக்கிறது. ஒரு விரல் ஆழத்தில் மார்கழி!

தனலட்சுமியைக் கூப்பிட்டோம். முட்டி வலிக்கிறவள் சுவரைச் சுற்றி ஓடி வந்தாள். மூன்று பேரும் வரிசையாகக் குந்தி, மண்ணுக்குள் விரலை விட்டபடி உட்கார்ந்திருந்தோம். யாராவது பார்த்திருந்தால் எங்களைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அக்காவும் அதைப் பற்றி அப்போது நினைத்த மாதிரி தெரியவில்லை.

அவளே எழுந்தாள். குடத்தை எடுத்து, மூன்றாவது பாத்திக்கு நிதானமாக ஊற்றினாள். குடிக்கவிட்டாள். மறுபடி ஊற்றினாள். பிறகு ஓரத்துக் குவியலைக் கூடையில் அள்ளி, தன் கையால், தண்டைத் தொடாமல், பிடி பிடியாகத் தூவினாள். நான் உதவப் போனேன்.

"நீ போடா. இது நான் பெருக்குனது."

கடைசிப் பிடியைத் தூவி முடிக்கவில்லை, போன் அடித்தது. ஜெனி இல்லை. மாப்பிள்ளை.

"அத்தை, வலி எடுத்துடுச்சி. ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு இருக்கோம். பெரியவன் பக்கத்து வூட்ல இருக்கான். அழுதுக்கினு இருக்கான் அத்தை. நீங்க..."

"பொறப்பட்டுட்டேன்," என்றாள் அக்கா.

இந்த முறை யோசிக்கவில்லை.

ஜன்னலோரம்

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம். சாயந்திர பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாது. முன்னால் வருகிற எதையாவது பிடிக்க வேண்டும். அக்கா கையில் மண்ணோடு பையைக் கட்டினாள். பிள்ளைக்குப் பழந்துணி, பெரியவனுக்கு முறுக்கு, ஜெனிக்குப் பூண்டு. கறி அடுப்பேறாமல் தனலட்சுமியின் பிரிட்ஜுக்குப் போனது. தோட்டத்துக் கதவின் சாவி தனலட்சுமியின் முந்தானை முடிச்சுக்குப் போனது.

"சனிக்கெழம சனிக்கெழம. ஒவ்வொரு தூருக்கும். மேல ஊத்தாத, தோல வெலக்கிட்டு ஊத்து."

"தெரியும், போ."

"எலி வந்தா..."

"வந்தா உக்கார வச்சிக் கறி போடுறேன். நீ போய்ச் சேரு. பேஜாரு புடிச்சவளே, ஆட்டோ நிக்கிது!"

ஆட்டோவில் அக்கா தன் விரல்களைப் பார்த்தாள். நகத்தின் இடுக்கில் மண் இருந்தது. அதை எடுக்க நினைத்து, எடுக்காமல், கையை மடியில் மூடி வைத்துக்கொண்டாள்.

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் பாண்டியிலிருந்து வந்த பெங்களூர் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. கண்டக்டர் படியில் தொங்கி, "பெங்களூர், பெங்களூர், செஞ்சி, திருவண்ணாமலை" என்று ஏலம் போட்டுக்கொண்டிருந்தார். ஓடினோம். பையை நான் ஏற்றினேன், அக்காவைக் கூட்டம் ஏற்றியது. ஜன்னலோரம் ஓர் இடம் இருந்தது. அவள் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்து, முகத்தை வெளியே நீட்டினாள். நெற்றியில் வேர்வை. காதோரம் ஒரு தோல் துணுக்கு. தட்டிவிட நான் எட்டினேன். எட்டவில்லை.

"பயமா இருக்குதாக்கா?"

"மகள நெனச்சாப் பயமா இருக்குது. அவகிட்ட போறோம்னா சந்தோசமா இருக்குது. ரெண்டும் ஒண்ணா இருக்குது."

"தோட்டம்?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். விசில் அடித்தது. பஸ் அசைந்தது. நான் கூடவே நடந்தேன். பிறகு ஓடினேன். அவள் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, பஸ் சத்தத்துக்கு மேலே, என் முகத்தைப் பார்த்துக் கத்தினாள்:

"பொண்ணு பொறந்தாலும் போன் பண்றேன், பையன் பொறந்தாலும் பண்றேன். செடி செத்தா மட்டும் நீ எனக்குப் பண்ணாத!"